கதவு நம்பருக்கும் ஒரு மார்க்கெட்டா?

நிலத்துக்கு விலை பேசுகிறார்கள். வீட்டுக்கு வாடகை வாங்குகிறார்கள். குடிக்கிற தண்ணீரையும் பாட்டிலில் அடைத்துக் காசாக்குகிறார்கள். இதெல்லாம் நாம் கண்டு பழகிய சங்கதிகள். ஆனால், கதவில் எழுதுகிற நம்பரை யாராவது விலைக்கு விற்பார்களா? லட்சக்கணக்கில் வாங்கிக் குவிப்பார்களா? மணிக்கு இவ்வளவு என்று அதற்கு வாடகை வசூலிப்பார்களா?

இண்டர்நெட் உலகத்தில் இது நடக்கிறது. பகிரங்கமாகவே நடக்கிறது.

“வயிற்றுப்பாட்டுக்கே வழி காணோம். நம்பரைப் பற்றிப் பேச நேரம் ஏது?” என்று சில தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால், சற்று யோசித்துப் பாருங்கள். ரேஷன் கடைக் கருவி, பாங்கிக் கணக்கு, பட்டா நகல், பிள்ளையின் பரீட்சை முடிவு, ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்பும் பணம் - இன்று எல்லாம் இண்டர்நெட் வழியாகத்தான் போய் வருகின்றன. நூறு நாள் வேலைத் தலத்தில் வருகைப் பதிவைச் செல்போன் மூலம்தான் எடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. பல மில்களில் ரிங் பிரேம் எத்தனை நேரம் ஓடியது, எத்தனை நேரம் நின்றது என்பதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். இப்படி நம் கூலியும் சோறும் போய் வருகிற பாதையின் வாசல் நம்பர் யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். ரேஷன் கடையில் கைரேகை விழாததற்கும், மலையடிவாரத்தில் டவர் கிடைக்காததற்கும் இந்த நம்பர் காரணமல்ல. அவை வேறு வியாதிகள். இங்கே பேசுவது வேறு வியாதி. அதற்கு மருந்து கண்டுபிடித்து முப்பது ஆண்டு ஆகிறது. மருந்து இருந்தும் நோயாளியைப் பாதி உலகத்தில் அப்படியே போட்டு வைத்திருக்கிறார்கள். ஏன் என்பதுதான் விஷயம்.

நம்பர் எதற்கு?

தபாலில் ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டுமானால் கவரின் மேல் விலாசம் வேண்டும். பதில் வர வேண்டுமானால் அனுப்பியவர் விலாசமும் வேண்டும். நாம் செல்போனில் அனுப்புகிற படம், பேச்சு, பணம் எல்லாமே சிறு சிறு பொட்டலங்களாக உடைந்துதான் பயணம் செய்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் இரண்டு விலாசங்கள் உண்டு. அவை எழுத்தில் இருப்பதில்லை, எண்ணில் இருக்கின்றன. அந்த எண்ணை எப்படி அமைப்பது என்று வகுத்த விதிமுறைக்குத்தான் ‘இண்டர்நெட் புரோட்டோகால்’ என்று பெயர். சுருக்கமாக ஐ.பி.

அந்த விதியின் நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் வெளியாயிற்று. கலிபோர்னியாவில் ஜான் போஸ்டல் என்ற விஞ்ஞானி அதைத் தொகுத்தார். அமெரிக்க ராணுவ இலாகாவின் பணத்தில் வளர்ந்த ‘அர்ப்பாநெட்’ என்ற ஆராய்ச்சி வலை 1983 ஜனவரி 1-ம் தேதி அந்த ஏற்பாட்டுக்கு மாறியது. இந்த நாலாம் முறைதான் இன்றளவும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கும் பழைய முறை.

இதில் ஒரு விலாசத்துக்கு 32 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யம் அல்லது ஒன்று. இப்படி மாற்றி மாற்றி எழுதினால் மொத்தம் எத்தனை விலாசம் கிடைக்கும்? 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதற்கு மேல் ஒன்று கூடக் கிடையாது.

1981-ல் உலக ஜனத்தொகை ஏறத்தாழ 450 கோடி. ஆக, பிறந்த அன்றைக்கே ஆளுக்கு ஒன்று வராத கணக்கு இது. இன்று ஜனத்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. அதிலும் ஒரு வீட்டில் இரண்டு செல்போன், கடையில் ஒரு கருவி, மில்லில் நூறு மெஷின் என்று எல்லாமே விலாசம் கேட்கின்றன.

அன்று கணக்குப் போட்டவர்கள் மேல் நாம் குற்றம் சொல்லவில்லை. சில நூறு கம்ப்யூட்டர்களை மனதில் வைத்து அமைத்தார்கள். உலகமே வந்து சேரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. குற்றம் அதற்குப் பிறகு நடந்த பங்கீட்டில் இருக்கிறது.

மிராசுகள் முளைத்த கதை

அந்த 429 கோடியை 256 பெரிய தாக்குகளாகப் பிரித்தார்கள். ஒரு தாக்கில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட விலாசங்கள். ஆரம்ப காலத்தில் கேட்டவர்களுக்கு இந்தத் தாக்குகளை முழுசு முழுசாகவே தூக்கிக் கொடுத்தார்கள். போர்டு மோட்டார் கம்பெனிக்கு ஒரு தாக்கு. புருடென்ஷியல் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு தாக்கு. ஆப்பிள் கம்பெனிக்கு ஒரு தாக்கு. எம்.ஐ.டி. என்ற அமெரிக்கக் கல்வி நிலையத்துக்கு ஒரு தாக்கு. அமெரிக்க ராணுவ இலாகாவுக்குப் பல தாக்குகள். கூட்டினால் 20 கோடிக்கு மேல்.

இந்தியாவுக்கு? மத்திய தொலைத்தொடர்பு இலாகா 2013-ல் வெளியிட்ட திட்டத்தில் கணக்கு இருக்கிறது. சுமார் 36 கோடிப் பேர் இண்டர்நெட்டைப் பயன்படுத்திய நம் நாட்டுக்கு இருந்த விலாசங்கள் சுமார் மூன்றரைக் கோடி. பத்துப் பேருக்கு ஒன்று!

ஒரு நாட்டின் ராணுவ இலாகாவுக்கு 20 கோடி. நூறு கோடிக்கு மேல் ஜனங்கள் வாழும் நாட்டுக்கு மூன்றரைக் கோடி. அந்த ராணுவ இலாகாவாவது அத்தனையையும் உபயோகித்ததா? அதுவும் இல்லை. சுமார் பதினேழு கோடி விலாசங்கள் பல ஆண்டுகள் வெறுமனே தூங்கிக் கிடந்தன. 2021-ல்தான் அவை முதன்முதலாக வெளியுலக வலையில் தலை காட்டின.

வானம் பார்த்த பூமியில் ஒரு குழிக்கு வழியில்லாமல் ஒருவன் நிற்க, ஆயிரம் ஏக்கரைத் தரிசாகப் போட்டு வைத்திருக்கும் மிராசை நாம் பார்த்திருக்கிறோம். இதுவும் அந்த ஜாதிதான். நிலத்துக்காவது 1961-ல் உச்சவரம்புச் சட்டம் வந்தது. முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டினார்கள். 1970-ல் பதினைந்தாகக் குறைத்தார்கள். அதில் எத்தனை ஓட்டை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும், வரம்பு என்று ஒன்று இருந்தது. விலாச மிராசுக்கு அந்த வரம்பும் கிடையாது.

2011 பிப்ரவரி 3-ம் தேதி உலகப் பொதுக் களஞ்சியத்தில் மிஞ்சியிருந்த கடைசி ஐந்து தாக்குகளையும் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துக் கதவை மூடினார்கள். ஆசியாவுக்கான பதிவகம் அதே ஆண்டு ஏப்ரல் 15-ல் தன் கடைசித் தாக்கில் கை வைத்தது. அன்று முதல் புதிதாகக் கேட்பவருக்கு அதிகபட்சம் 1,024 விலாசம் என்று ரேஷன் போட்டது. ஐரோப்பாவின் பதிவகம் 2019 நவம்பர் 25-ல் கையை விரித்துவிட்டது.

இனாமாக வாங்கியது விலைக்குப் போகிறது

இங்கேதான் கவனிக்க வேண்டும், தோழர்களே! ஆரம்பத்தில் தாக்குகளை வாங்கியவர்கள் யாரும் அதற்கு விலை கொடுக்கவில்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள். உபயோகிக்கத்தான் கொடுத்தார்கள், விற்கக் கொடுக்கவில்லை. தேவை தீர்ந்தால் பொதுவில் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம்.

அப்படித் திருப்பிக் கொடுத்த நல்லவர்களும் உண்டு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தன் கையிலிருந்த முழுத் தாக்கை 2000-ம் ஆண்டில் ஒரு காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தது. ‘இன்டராப்’ என்ற நிறுவனமும் 2010-ல் தன் தாக்கில் மிகப் பெரும் பகுதியை இப்படியே கொடுத்துவிட்டது. திருப்பிக் கொடுப்பது நடக்கிற காரியம்தான் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பஞ்சம் வருகிறது என்று தெரிந்ததும் பதுக்கினார்கள். பதிவகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் விதியைத் தளர்த்தி, ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்க வழி செய்தன. மார்க்கெட் பிறந்தது.

2011-ல் நார்டெல் என்ற கனடா கம்பெனி திவாலாகி ஏலத்துக்கு வந்தபோது, அதன் கையிலிருந்த 6,66,624 விலாசங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்றுக்கு 11 டாலர் 25 சென்ட். 2017-ல் எம்.ஐ.டி. தன்னிடம் சும்மா கிடந்ததில் 80 லட்சம் விலாசங்களை விற்க முன்வந்தது. அமேசான் கம்பெனி வாங்கிக் கொண்டது. 2021 வாக்கில் ஒரு விலாசம் 50 டாலருக்கு மேல் விலை போயிற்று. இனாமாக வந்த எண்! ஒரு விதை விதைக்கவில்லை. ஒரு நூல் நூற்கவில்லை. வைத்திருந்ததற்காக மட்டும் பத்து ஆண்டில் நாலு மடங்கு.

வாங்கிக் குவித்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள்? வாடகைக்கு விட்டார்கள். 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களைக் குத்தகைக்கு எடுப்பவர்களிடம், பழைய முறை விலாசம் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கிறது. அரை சென்ட் தானே என்று எண்ண வேண்டாம். ஆண்டுக்குக் கூட்டினால் 43 டாலர் 80 சென்ட். நம் பணத்தில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். அதாவது, நார்டெல் ஏலத்தில் ஒரு விலாசம் போன விலையைப் போல நாலு பங்கு வாடகை ஒரே ஆண்டில் வந்துவிடுகிறது!

ஆப்பிரிக்கக் கண்டத்துக்கென ஒதுக்கிய விலாசங்களில் லட்சக்கணக்கானவை கள்ளத்தனமாகக் கைமாறிய ஊழல் 2019-ல் வெளிவந்தது. விலை இருக்கிற இடத்தில் திருட்டும் இருக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மார்க்கெட்டை ஆதரிப்பவர்கள் ஒரு வாதம் சொல்கிறார்கள். “விலை இருந்தால்தான் சும்மா கிடப்பது வெளியே வரும். தேவைப்படுபவர்களுக்குப் போய்ச் சேரும்” என்கிறார்கள். வெளியே வந்தது வாஸ்தவம். யாரிடம் போய்ச் சேர்ந்தது? எந்த ஏழை நாட்டின் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று? எந்தச் சிறு ஊரின் கூட்டுறவு சங்கத்துக்குப் போயிற்று? காசு இருந்தவர்களிடம் போயிற்று. பஞ்ச காலத்தில் நெல் மூட்டை வண்டி ஏறுவது பசிக்கிற ஊரை நோக்கி அல்ல, விலை கிடைக்கிற ஊரை நோக்கித்தான். இங்கேயும் அதே வண்டிதான் ஓடுகிறது.

லைன் வீட்டு விலாசம்

விலாசம் வாங்கக் காசில்லாத இடங்களில் ஜனங்கள் எப்படி இண்டர்நெட்டை உபயோகிக்கிறார்கள்? இதற்கு ஒரு ஒட்டு வேலை செய்திருக்கிறார்கள்.

மில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள் நமக்குத் தெரியும். வெளி வாசலுக்கு ஒரே கதவு நம்பர். உள்ளே இருபது குடித்தனம். தபால்காரர் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார். வாசலில் இருக்கும் ஆள் பிரித்து உள்ளே கொடுக்கிறார். இதே ஏற்பாட்டைத்தான் இண்டர்நெட்டிலும் செய்தார்கள். 1994-ல் இதற்கு முறை வகுத்தார்கள். முதலில் ஒரு வீட்டுக்குள், ஒரு ஆபீசுக்குள் இருந்த இந்த ஏற்பாடு, விலாசப் பஞ்சம் முற்றியதும் கம்பெனி அளவுக்குப் பெருத்தது. ஒரே விலாசத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சந்தாதாரர்களை அடைத்தார்கள்.

இதனால் என்ன நஷ்டம்?

முதலாவது, உள்ளே இருப்பவர் வெளியே கூப்பிடலாம். வெளியே இருப்பவர் அவரை நேரே கூப்பிட முடியாது. ஒரு தோழர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சங்கத்தின் செய்திகளை வைத்து, ஊர் முழுவதும் அதை வந்து படிக்கட்டும் என்று நினைத்தால் நடக்காது. யாராவது பெரிய கம்பெனியின் கிடங்கில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். வாங்குகிறவன் என்றும் வாங்குகிறவனாகவே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இது.

இரண்டாவது, இது அதைவிட மோசம். லைன் வீட்டில் ஒருவன் செய்த தப்புக்கு வாசல் நம்பரின் பேரில் புகார் வந்தால் இருபது குடித்தனமும் விழிக்க வேண்டும். இண்டர்நெட்டிலும் அப்படித்தான். எங்கோ ஒருவன் செய்த மோசடியின் தடயம் ஒரு விலாசத்தில் வந்து நிற்கிறது. அந்த விலாசத்துக்குப் பின்னால் நூறு பேர். எந்த நொடியில், எந்த உள் வழியாகப் போயிற்று என்ற துல்லியமான குறிப்பு இல்லாவிட்டால் யார் செய்தது என்று சொல்லவே முடியாது. அப்போது சந்தேகம் யார் மேலும் விழலாம்.

இது நம் கற்பனை அல்ல. ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் 2017-ல் இதைப் பகிரங்கமாகவே சொல்லி, இந்தக் கூட்டு விலாச முறையை ஒழிக்கக் கம்பெனிகளை வற்புறுத்தியது. குற்றவாளியைப் பிடிக்க முடியவில்லை என்பது போலீசின் கவலை. நிரபராதி மாட்டிக் கொள்வான் என்பது நம் கவலை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. பெல்ஜியம் நாட்டில் 2012-லேயே ஒரு விலாசத்துக்குப் பின்னால் பதினாறு சந்தாதாரர்களுக்கு மேல் வைப்பதில்லை என்று கம்பெனிகள் சர்க்காரோடு ஒப்புக்கொண்டன. விலாசங்கள் மலிந்து கிடந்த ஐரோப்பாவில் பதினாறு என்று எல்லை போட்டார்கள். விலாசமே இல்லாத நாடுகளில் எல்லை போடச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

மருந்து 1995-லேயே தயார்

இந்தப் பஞ்சம் வரப்போகிறது என்பதை விஞ்ஞானிகள் 1990-களின் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள். ஸ்டீவ் டீரிங், ராபர்ட் ஹிண்டன் என்ற இரண்டு பேர் எழுதிய புதிய விதி 1995 டிசம்பரில் வெளியாயிற்று. 1998 டிசம்பரில் திருத்தி வெளியிட்டார்கள். 2017 ஜூலையில் முழுத் தகுதி பெற்ற விதியாயிற்று. ஐந்து என்ற எண்ணை ஏற்கனவே ஒரு சோதனை முறைக்குக் கொடுத்துவிட்டபடியால் இதற்கு ஆறு என்று பெயர். ஐ.பி.வி.6. நாம் ஆறாம் முறை என்போம்.

இதில் விலாசத்துக்கு 32 இடங்களுக்குப் பதிலாக 128 இடங்கள். மொத்தம் எத்தனை விலாசம்? 340 என்று எழுதி அதற்குப் பின்னால் 36 பூஜ்யம் போட வேண்டும். நம் பாஷையில் அதற்குப் பெயர் சொல்லிப் பயனில்லை. வேறு விதமாகச் சொல்லலாம். ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் மிகச் சிறிய பங்கில் இருக்கிற விலாசங்களே, பழைய முறையில் உலகம் முழுவதற்கும் இருந்த விலாசங்களைப் போல 429 கோடி மடங்கு! பதுக்கினாலும் லாபமில்லை. ஆற்று மணலை மூட்டை கட்டி ஆற்றங்கரையிலேயே விற்பவன் உண்டா?

பின்னே ஏன் முப்பது ஆண்டு?

இதுதான் மையமான கேள்வி.

மீட்டர் கேஜ், பிராட் கேஜ் விவகாரம் நமக்குத் தெரியும். இரண்டு தண்டவாளமும் சந்திக்கும் ஸ்டேஷனில் மூட்டைகளை இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டும். பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள பேதம் அதுதான். நாலாம் முறை விலாசக்காரரும் ஆறாம் முறை விலாசக்காரரும் நேரே பேச முடியாது. நடுவில் இறக்கி ஏற்றும் ஸ்டேஷன் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஓட்ட வேண்டும். 1983-ல் சில நூறு கம்ப்யூட்டர்களை ஒரே நாளில் மாற்றினார்கள். கோடானுகோடி கருவிகளை அப்படி மாற்ற முடியாது. இது உண்மையான கஷ்டம், ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் கஷ்டம் மட்டும் காரணமாக இருந்தால் முப்பது ஆண்டு போதாதா? காரணம் இன்னொன்று உண்டு. முதலில் மாறுகிறவன் செலவு செய்ய வேண்டும். பழைய தண்டவாளத்தையும் வைத்துக் காப்பாற்ற வேண்டும். முழு லாபம் எல்லோரும் மாறிய பிறகுதான். ஆகவே, ஒவ்வொரு கம்பெனியும் பக்கத்துக் கம்பெனியின் முகத்தைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது? இதற்கிடையே பழைய விலாசத்தைக் குவித்து வைத்திருப்பவனுக்கு அவசரமே இல்லை. தாமதம் ஆக ஆக அவன் சரக்குக்கு மதிப்பு. புதிதாகக் கடை போட வருகிறவன் பழைய விலாசம் கிடைக்காமல் திண்டாடுவதும் அவனுக்கு அனுகூலம்தான்.

தனித்தனி லாபக் கணக்கு எல்லோருக்கும் பொதுவான காரியத்தை எப்படி முடக்கிப் போடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். இதில் யாரும் சதி செய்யவே வேண்டியதில்லை. ஒவ்வொருவனும் தன் பெட்டியைப் பார்த்தால் போதும்.

மாறியவர்கள் உண்டு

மாற முடியாது என்று சொல்பவர்களுக்கு நம் நாடே பதில்.

2011 ஜூன் 8-ல் உலகின் பெரிய கம்பெனிகள் ஒரு நாள் மட்டும் ஆறாம் முறையைச் சோதித்துப் பார்த்தன. 2012 ஜூன் 6 முதல் நிரந்தரமாகவே திறந்துவிட்டன. அன்று அந்த வழியாக வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. இன்று உலகம் முழுவதும் ஏறக்குறையப் பாதிப் பேர். இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். உலகத்திலேயே முன்வரிசையில் நிற்கிறோம். நம் கையிலிருக்கும் சாதாரண செல்போன் பெரும்பாலும் ஆறாம் முறையில்தான் ஓடிக் கொண்டிருக்கிறது. நமக்கே தெரியாமல் மாறிவிட்டோம்.

எப்படி நடந்தது? 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி கடை திறந்தபோது, கோடிக்கணக்கான சந்தாதாரர்களுக்குக் கொடுக்கப் பழைய விலாசம் கிடையாது. ஆரம்பத்திலேயே ஆறாம் முறையில் வலையை அமைத்துக் கொண்டது. மற்ற செல்போன் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. முதலாளி செய்தாலும் நடந்ததை நடந்ததென்றுதான் சொல்ல வேண்டும். ஜனங்கள் மேல் உள்ள பாசத்தால் செய்யவில்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள். இல்லாதவனுக்குத்தான் புதிய வழி முதலில் தேவைப்படுகிறது.

சீனாவில் வேறு விதமாக நடந்தது. 2017 நவம்பரில் கட்சியின் மத்தியக் கமிட்டி அலுவலகமும் சர்க்காரின் மந்திரிசபை அலுவலகமும் சேர்ந்து திட்டம் வகுத்து, கெடு வைத்து உத்தரவு போட்டன. அதன் பிறகு அங்கே ஆறாம் முறை மளமளவென்று பரவியது.

நம் மத்திய சர்க்காரும் கெடு வைத்தது. 2010-ல் முதல் திட்டம். 2013-ல் இரண்டாம் திட்டம். கெடுக்கள் வந்தன, போயின. கடைசியாக 2021-ல் சொன்னது: சர்க்கார் ஆபீசுகள் எல்லாம் 2022 ஜூன் 30-க்குள் மாற வேண்டும், 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு கொடுக்கும் வீட்டுக் கம்பி இணைப்புகள் எல்லாம் ஆறாம் முறைக்குத் தயாராக இருக்க வேண்டும். செல்போன் முந்திவிட்டது. கம்பி இணைப்பும் ஆபீசுகளும் பின்னால் நடந்து வருகின்றன. கெடு தவறினால் கேள்வி கேட்பார் இல்லை என்றால், கெடு என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும்

புதியது என்பதற்காக எல்லாம் நன்மை என்று நாம் மயங்கிவிடக் கூடாது.

ஆறாம் முறையின் ஆரம்ப ஏற்பாட்டில், கருவிக்குள் தொழிற்சாலையிலேயே பதித்த எண்ணை வைத்து விலாசத்தின் பின்பாதியை அமைத்தார்கள். அதனால், ஒருவர் ஊர் ஊராகப் போனாலும் அந்தப் பின்பாதி மாறாது. மாட்டுக்குப் போட்ட சூடு மாதிரி அது கூடவே போகும். எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்தக் கூட்டத்தில் இருந்தார் என்று பின்தொடரலாம். இந்த ஆபத்தைக் கண்டு 2001-லேயே மாற்று வழி வகுத்தார்கள். பின்பாதியை அடிக்கடி மாற்றிக் கொள்ளும் முறை அது. இப்போது செல்போன்களில் அந்த முறை இருக்கிறது. விலை மலிந்த எல்லாக் கருவியிலும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

இன்னொன்று. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி விலாசம் கொடுக்கலாம் என்பது நல்ல வசதி. அந்த விலாசம் மெஷினைக் கவனிக்கவா, மெஷின் பக்கத்தில் நிற்கும் ஆளைக் கவனிக்கவா என்பது நம்பரில் எழுதியிருக்காது. அதை மில் கேட்டில்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

சர்க்கார் ஆபீசுகளில் எத்தனை மாறின, எத்தனை மாறவில்லை என்று இலாகா வாரியாகக் கணக்கு வெளியிட வேண்டும். ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கும் எந்தக் கருவியும் ஆறாம் முறைக்குத் தயாராக இல்லாவிட்டால் வாங்கக் கூடாது.

வீட்டுக் கம்பி இணைப்பில் பழைய பெட்டியை மாற்ற வேண்டியிருந்தால், அந்தச் செலவு கம்பெனியுடையது. சந்தாதாரர் தலையில் கட்டக் கூடாது. மாதச் சந்தா வாங்குகிறவன்தான் வாசலைச் சரி செய்து கொடுக்க வேண்டும்.

கூட்டு விலாசம் ஒன்றை மட்டும் சாட்சியாக வைத்து எந்த உழைப்பாளியையும் ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது. துல்லியமான நேரமும் உள்வழிக் குறிப்பும் இல்லாத விலாசம், இருபது குடித்தனத்தின் கதவு நம்பர் மட்டுமே. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

இனாமாக வாங்கிச் சும்மா வைத்திருக்கும் பழைய விலாசங்களை விலை கேட்காமல் பொதுவில் ஒப்படைக்க வேண்டும். ஸ்டான்போர்டு செய்ததை மற்றவர்கள் ஏன் செய்யக் கூடாது?

இவை எதுவும் பெரிய கோரிக்கை அல்ல. புதிய முறை இருக்கிறது. அதைத் தாங்கும் கருவிகள் இருக்கின்றன. நம் நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு காரியம் முடிந்தே விட்டது. மிச்சத்தை முடிக்கத் தேவை, முடித்தே தீர வேண்டும் என்று கேட்கும் குரல்தான்.

எல்லோரும் மாறி முடித்த அன்றைக்கு, பழைய விலாசத்தைப் பூட்டி வைத்திருப்பவன் கையில் இருப்பது செல்லாத நோட்டு. மார்க்கெட் தானாகக் கலையும். அந்த நாளைத் தள்ளிப் போடுவதில் யாருக்கு லாபம் என்று பார்த்தோம். அதை விரைவில் கொண்டு வருவதில் லாபம் நமக்கு.

சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். வீட்டுக்குக் கம்பி இணைப்பு கொடுக்க வருகிறவரிடம், “ஆறாம் முறை இருக்கிறதா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள்!